கால் பாவாதவள்

நெருக்கடி நிலை நீங்கித் தேர்தலும் முடிந்த மறு ஆண்டுச் சித்திரையில், ரெட்டிபாளையத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருசம்மாளைப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவாயிற்று. ஊரே கூடி எடுத்த முடிவு அது. அதில் கலந்துகொள்ளாதவள் இருசம்மாள் ஒருத்திதான்.

நடந்தது இவ்வளவே. சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் வேலை பார்த்த கணவன் நல்லதம்பிக்கு அவள் உச்சி வேளையில் கூழ் கொண்டுபோனாள். ஊருக்கும் குழிக்கும் நடுவே, கல்லெடுத்து முடிந்த வெள்ளைப் பொட்டல் ஒன்று கிடந்தது. சித்திரை வெயிலில் அதன்மேல் கானல் ஓடும். தூரத்தில் நடந்து வருகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. உடம்பு மட்டும் காற்றில் மிதந்து வருவது போலிருக்கும். பொட்டலின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாவாடை என்ற பெரியவர் அதைப் பார்த்தார். அன்று இருசம்மாள் தலை முழுகியிருந்ததால் கூந்தல் விரிந்து கிடந்தது. தலையில் சட்டி, முதுகில் அவிழ்ந்த கூந்தல், கீழே கால் இல்லை. பாவாடை ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிவந்தார்.

“கால் தரையில பாவலடா! ஒரு மொழம் மேல வருது!”

டீக்கடையை அடைவதற்குள் முழம் ஆளுயரமாயிற்று; பொழுது சாய்வதற்குள் பனை உயரமாயிற்று. அதே பொட்டலில் அதே வெயிலில் பாவாடையும் நாள்தோறும் மிதந்தவர்தான். ஆனால் ஆட்டுக்காரரைத் தூரத்தில் நின்று யார் பார்க்கப் போகிறார்கள்? பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் பிறந்ததிலிருந்து அறிந்த செய்தி. ஆகவே யாரும் யாரையும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நல்லதம்பியின் அக்காள் பச்சையம்மாள் அடுத்த தெருவில் இருந்தாள். கெட்டவள் அல்லள். பெற்ற பிள்ளைகளைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவள். அதனால் காற்று அசைந்தாலும் பயந்தவள். அன்று மாலையே வந்து, தூளியில் கிடந்த சம்பூர்ணத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பல்கூட முளைக்காத பால்குடிப் பிள்ளை அது.

“புள்ளைய எங்க கொண்டு போறீங்க அண்ணி?”

“ஒம் மேல இருக்கறது எறங்கட்டும். அதுவரைக்கும் நான் ஆட்டுப்பாலு ஊத்திக்கறேன். பேய்க்காத்து பட்ட பாலு புள்ளைக்கு ஆவாது.”

“எம் மேல ஒண்ணும் இல்ல.”

“அப்படித்தான் அது சொல்லும்.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் முட்டும் பேச்சு அது. இல்லை என்றால் பேய் பொய் சொல்கிறது. ஆமாம் என்றால் பேய் ஒப்புக்கொள்கிறது. அழுதால் அழுவது பேய். சிரித்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். இருசம்மாள் கணவனைப் பார்த்தாள்.

“ஊரே சொல்லுதுல்ல இருசு” என்றான் நல்லதம்பி. “ஒரு தரம் பூசாரி அமாவாசைகிட்ட காட்டிட்டா தீந்து போச்சு.”

“மத்தியானம் ஒங்களுக்குக் கூழு ஊத்துனது யாரு மாமா? பேயா?”

நல்லதம்பி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

பச்சையம்மாள் வீட்டுக் கதவு உள்ளே தாழிடப்பட்டது. குழந்தை பசித்து அழும் குரல் ஒரு தெரு தாண்டிக் கேட்டது. இருசம்மாளுக்குப் பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் கண்டது. சுவரோரம் நின்று பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். மறுநாள் மாலை போய்க் கதவைத் தட்டினாள். பச்சையம்மாள் கதவைத் திறந்தாளே தவிர, நிலைப்படியை விட்டு விலகவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் அந்தரச் சாமியின் படம் தொங்கியது.

திருமானூருக்கு அப்பால், கொள்ளிடக் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்த சாமியார் அவர். காவி அங்கி தழையத் தழைய, இடது கையை ஒரு தண்டத்தின்மேல் ஊன்றி, சம்மணமிட்ட நிலையில் தரையிலிருந்து முழ உயரத்தில் அந்தரத்தில் இருப்பார். வெள்ளிக்கிழமைதோறும் திரை விலகும், சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், திரை மூடும். ஏறுவதையோ இறங்குவதையோ கண்டவர் இல்லை. அந்தக் காட்சியைத்தான் படம்பிடித்து மாட்டியிருந்தார்கள்.

“சாமிகிட்ட ஆள் அனுப்பிக் கேட்டாச்சு” என்றாள் பச்சையம்மாள். “வெள்ளிக்கெழம ஒன்ன அங்க கூட்டியாரச் சொல்லிட்டாங்க. அமாவாசை உடுக்கை அடிச்சு ஓட்டுவாரு. உச்சி முடிய அறுத்துப் புளியமரத்துல ஆணி அடிச்சுட்டா, அதோட சரி. அப்புறம் புள்ளைய வாங்கிக்க.”

இருசம்மாள் படத்தையே பார்த்தாள். “இவரு காலுந்தான் தரையில பாவல அண்ணி.”

“கன்னத்துல போட்டுக்கடி! அவரு சாமி.”

“சாமின்னு எப்படித் தெரியும்?”

“அதான் கால் பாவலையே!”

சொன்ன பிறகு பச்சையம்மாளுக்கே ஏதோ இடறியது போலிருந்தது. அது என்னவென்று பார்க்க மனமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நாட்களில் இருசம்மாளின் அருகே வந்து உட்கார்ந்தவள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் மட்டும்தான். அவளும் இருசம்மாளும் ஒரே ஆண்டில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நல்ல வாயாடி. வேப்பிலையும் சூட்டு ஒத்தடமுமாக வந்தவள், கூடவே ஒரு கதையும் கொண்டுவந்தாள்.

“ஒரு ஊர்ல கருடன் வட்டம் போட்டுச்சாம். சனமெல்லாம் அண்ணாந்து பாத்துக் கும்புட்டுச்சு. அதப் பாத்த ஒரு பொட்டக்கோழி, நம்மளுக்கும் ரெக்க இருக்கேன்னு படபடன்னு அடிச்சுக் கூரை மேல ஏறிடுச்சாம். ஐயையோ, வூட்டுக்கு ஆவாதுன்னு அன்னிக்கே கொழம்பு வச்சுட்டாங்க. செத்து மேல போன கோழி கருடனக் கேட்டுச்சாம்: ரெண்டு பேருக்கும் ரெக்கதானே, ஒனக்குக் கும்புடு, எனக்குக் கொழம்பா? கருடன் சொல்லுச்சாம்: அடியே, நான் போயி மரத்துல எறங்குறேன். நீ அவங்க வாசல்லயே எறங்குனியே!”

“கோழி எறங்கியிருக்கவே கூடாது” என்றாள் இருசம்மாள்.

“எறங்காம? கூரை மேலயே குந்திக்கிட்டா இருக்கும்?”

“குந்திக்கிட்டு இருக்கட்டுமே. புடிக்கறவன் ஏறி வரட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை, அமாவாசை மஞ்சள் தடவிய கயிற்றோடு வந்தான். அவள் கையைக் கட்டி அழைத்துப் போவது முறை.

“கயிறு எதுக்கு? நானே வரேன்” என்று சொல்லிவிட்டு இருசம்மாள் முன்னால் நடந்தாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூட வந்த நல்லதம்பி பின்னால் நின்றுகொண்டான்; உட்காரப் போன குஞ்சம்மாளை அமாவாசை தடுத்துவிட்டான். கூட்டம் நெரிந்த பஸ்ஸில் இருவர் இருக்கையில் ஒருத்தியாக, காலை நீட்டிக்கொண்டே திருமானூர் போய்ச் சேர்ந்தாள். குழந்தை முன் இருக்கையில் பச்சையம்மாளின் மடியில் இருந்தது. இருமுறை திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பச்சையம்மாள் முந்தானையால் அதன் முகத்தை மூடினாள்.

கொட்டகை நிறைந்திருந்தது. திரை விலகியதும் “சாமீ” என்று ஒரே முழக்கம். அந்தரச் சாமி கண்களை மூடி, தண்டத்தில் கையூன்றி, முழ உயரத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் மணலில் இருசம்மாளை உட்கார வைத்தார்கள். அமாவாசை உடுக்கையை எடுத்தான்.

பேயோட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பெயர், ஊர், வந்த காரணம் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. கடைசியாக “என்ன வேணும்?” என்று கேட்டு, அது கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் குடும்பத்தில் இன்னொருவர் மேல் தாவிவிடும். மருமகளாக அவள் சொன்ன ஒரு சொல்லையும் காதில் வாங்காத சனம், இப்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டு மூச்சடக்கி நின்றது. இருசம்மாள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

“யாரு நீ?” அமாவாசை உறுமினான்.

“இருசம்மா.”

“அது ஒடம்போட பேரு. உள்ள இருக்கறவ பேரச் சொல்லு!”

“உள்ளயும் இருசம்மாதான்.”

“எந்த ஊரு?”

“பொறந்தது ஏலாக்குறிச்சிப் பக்கம்.”

“இந்தக் குடும்பத்த எங்க வச்சுப் புடிச்ச?”

“நான் எங்க புடிச்சேன்? அவங்கதான் பொண்ணு கேட்டு வந்து புடிச்சாங்க.”

பெண்கள் பக்கத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அமாவாசையின் கை வேகமெடுத்தது.

“வெளயாடாத! கால் ஏன் தரையில பாவல? சொல்லு!”

இருசம்மாள் எழுந்து நின்றாள். மணலில் அழுந்திய தன் பாதங்களைச் சனம் பார்க்கும்படி புடவையைக் கணுக்கால்வரை தூக்கினாள். “எங் காலு பாவித்தான் இருக்கு. பாவாத காலு அதோ மேல இருக்கு. உடுக்கைய அந்தப் பக்கம் திருப்பு பூசாரி. யாரு நீ, எந்த ஊரு, எங்க வச்சுப் புடிச்சன்னு அவரக் கேளு.”

உடுக்கை நின்றுவிட்டது.

“சாமியவா சொல்ற? நாக்கு அழுவிடும்!” என்று கத்தினான் மேடையோரம் நின்ற சீடன்.

“நான் சொல்லல. கால் பாவலன்னா பேயின்னு எங்க ஊரு சொல்லுச்சு. அப்ப அவரையும் வேப்பிலையால அடிங்க. இல்ல, கால் பாவலன்னா சாமிதான்னா, என்னையும் கும்புடுங்க. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. நல்லத ஆம்பளைக்கும் கெட்டத பொம்பளைக்கும் பங்கு வைக்காதீங்க.”

“கேக்கறது ஞாயந்தானே?” என்றது ஒரு கிழவியின் குரல்.

“நீ சும்மா கெட ஆத்தா” என்று அதட்டினான் சீடன்.

“நான் ஏன்டா சும்மா கெடக்கணும்? காசு குடுத்து பஸ்ஸுல வந்திருக்கேன்.”

இருசம்மாள் மேடையை நோக்கிக் கைகூப்பினாள். கூப்பிய கையில் பணிவு இருந்தது; குரலில் இல்லை. “சாமி, எறங்கி வாங்க. எம் பக்கத்துல நில்லுங்க. ரெண்டு பேரு காலையும் சனம் பாக்கட்டும்.”

சாமி கண் திறக்கவில்லை. தண்டத்தை ஊன்றிய கை அசையவில்லை. நெற்றி விபூதியில் மட்டும் வேர்வை கோடு கிழித்து இறங்கியது. சனம் காத்திருந்தது. சாமி இறங்கவில்லை.

“திரையப் போடு, திரையப் போடு! சாமி நிஷ்டையில இருக்காங்க!” சீடன் கயிற்றை இழுத்தான்.

“எறங்கறதுக்கு எதுக்குய்யா திரை?” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

நிலைமை கைமீறுவதைக் கண்ட அமாவாசை கடைசிக் கேள்விக்குத் தாவினான். “சரி, என்னதான் வேணும் ஒனக்கு? சொல்லிட்டுப் போ!”

“எம் புள்ள.”

“குடுத்துடு பச்சையம்மா!” என்று நாலாபுறமும் குரல் எழுந்தது. “கேட்டத குடுத்துடணும். இல்லன்னா ஒம் மேல தாவிடும்!”

பச்சையம்மாள் நடுநடுங்கிக் குழந்தையை நீட்டினாள். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இருசம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தாவாது அண்ணி. பயந்துக்கிட்டுக் குடுக்காதீங்க. பேயி கேக்குதுன்னு குடுத்தா நான் வாங்க மாட்டேன். பெத்தவ கேக்கறான்னு குடுங்க.”

“வாங்கித் தொலையேன்டி” என்று கூட்டத்திலிருந்து குஞ்சம்மாள் பல்லைக் கடித்தாள்.

இருசம்மாள் அசையவில்லை. இன்று பேயாக வாங்கினால், நாளைக்கு ஒரு காய்ச்சல், ஒரு கோபம், ஒரு தலைமுழுக்கு போதும். குழந்தை மறுபடி போய்விடும். அவளுக்கு அது தெரிந்திருந்தது. தாயின் குரலைக் கேட்ட சம்பூர்ணம் வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கு இருசம்மாளின் உடம்பு தானாகவே விடை சொன்னது. ரவிக்கை நனைந்து, பால் புடவையில் பரவியது.

பச்சையம்மாள் அந்த ஈரத்தைப் பார்த்தாள். ஒரு காலத்தில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் தன் மார்பில் அப்படிச் சுரந்தது அவளுக்கு மறக்கவில்லை. பேய்க்கு அப்படிச் சுரக்காது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுக்கம் நின்றது.

“இந்தா இருசு” என்றாள், கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி. “ஒம் புள்ள. நீ பெத்த புள்ள.”

இருசம்மாள் வாங்கிக்கொண்டாள்.

“முடி! உச்சி முடிய எடுக்கணும்!” அமாவாசை கத்தியோடு ஓரடி முன்னால் வந்தான்.

“எண்ணெ தடவி நான் வளத்த முடி. கிட்ட வா பாப்பம்.”

அவன் வரவில்லை. இதற்குள் நல்லதம்பி எழுந்து வந்திருந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இன்னும் வராதவனாய், தோளிலிருந்த துண்டை விரித்து, கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவே மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றான். இருசம்மாள் மூடிய திரைக்கு முன்னால், கொட்டகையின் நட்டநடு மணலில் காலை மடக்கி உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்தாள். அழுகை அடங்கிப் பால் குடிக்கும் ஒலி கேட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலைந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

திரைக்குப் பின்னால், தண்டம் ஊன்றியிருந்த பக்கம், ஏதோ இரும்பு கிறீச்சிட்டது, உடனே அடங்கியது. சீடன் பதறியபடி வந்து குனிந்தான். குரல் தாழ்ந்திருந்தது. “ஏம்மா, வெளிய போயி மரத்தடியில வச்சுக் குடுக்கக் கூடாதா? சனம் போனாத்தான் சாமி எறங்க முடியும்.”

“இருக்கட்டும்” என்றாள் இருசம்மாள், தலை நிமிராமலே. “இன்னொரு பக்கம் இருக்கு. புள்ள குடிச்சு முடிக்கட்டும்.”