ஸ்டெல்லாவின் இமை மணி

கட்கி என்ற பகுதி வழியாக ஓடும் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்த ஸ்டெல்லாவின் கண்கள் ஒரு மழைக்காலத்தில் செம்பாயின. இரண்டு விழிகளின் நடுவிலும் புளிபோட்டு விளக்கிய குடத்தின் நிறத்தில் ஒரு வட்டம். அதன்பின் அவள் இமைக்கும்போதெல்லாம் மணியடித்தது. ஓட்டுநர் மாதவ் அதைக் கேட்டுக் கண்ட இடத்திலெல்லாம் பிரேக் போட்டார், பயணிகள் மராத்தியில் திட்டினார்கள். இமைக்காமலிருக்க முயன்று அவளுக்குக் கண்ணீர் வழிந்ததுதான் மிச்சம். டெப்போவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வண்டி தாமதமாகிறது என்று சொல்லி அவளை அலுவலக நாற்காலிக்கு மாற்றினார்கள்.

கண் மருத்துவர், செம்பு படிந்திருக்கிறது, கல்லீரலைப் பாருங்கள் என்றார். கல்லீரல் மருத்துவர், இங்கே ஒரு குறையும் இல்லை, கண்ணைக் காட்டுங்கள் என்றார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த கணவன் சேவியர், தன் சட்டையில் வரும் உலோகத் தூசிதான் காரணமோ என்று பயந்து வாசலிலேயே உடை மாற்றினான். மணி நிற்கவில்லை. முதுகு வலிக்கிறது, படியேறினால் சோர்கிறது என்று அவள் போன இடமெல்லாம் சொன்னாள். இத்தனை நாள் பஸ்ஸில் நின்று பார்த்த வேலை அப்படித்தான் என்றார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், புதிதாக வந்த அம்ருதா என்ற கண் மருத்துவரும் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கல்லீரல் என்று ஆரம்பித்தபோது ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்.

"கண்ணப் பாத்தாச்சு, கல்லீரலப் பாத்தாச்சு," என்றாள் மராத்தியில். "மிச்சமா ஒரு பொம்பள இருக்கா டாக்டர். அவளுக்கு முதுகு வலிக்குது."

அம்ருதா விளக்கை அணைத்துவிட்டு, வலி எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டார். ரத்தம் எடுத்துச் சோதித்ததில் ஒரு புரதம் அளவுமீறிக் கிடந்தது. செம்பைப் பிடித்துவைத்திருந்தது அதுதான். அதைச் சுரந்தது எலும்பு மஜ்ஜையில் இருந்த புற்றுநோய்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டெல்லா அழவில்லை. "ஒரு வருஷமா மணியடிச்சிருக்குங்க," என்றாள் சேவியரிடம். "ஒருத்தர் காதுலயும் விழல." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் விடுவித்துக்கொண்டாள்.

சிகிச்சையில் முடி கொட்டியது, பிறகு சுருட்டையாக முளைத்தது. நோய் அடங்கியது, செம்பும் இமை மணியும் மட்டும் அப்படியே இருந்தன. பார்வைக்குக் கெடுதல் இல்லை, விட்டுவிடலாம் என்றார் அம்ருதா. சண்டை போட்டுத் தன் பஸ்ஸுக்கே திரும்பினாள் ஸ்டெல்லா. சில நாளில் வண்டியின் மணிக்கயிறு அறுந்தது. புதுக்கயிறு கட்டச் சொல்லி அவள் டெப்போவுக்கு நடையாய் நடந்தாள். நீதான் இருக்கிறாயே, கயிறு எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.