விசிலுக்குப் பின் வந்த அமைதி

பெட்டியைச் செய்து முடித்ததும் அவன் முதலில் காட்டியது அக்காவிடம்தான். வேறு யாரிடம் காட்டுவான்? தையல் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தே தம்பியை இன்ஜினியர் ஆக்கியவள் அவள். மைக்கில் ஒரு தடவை "டேய்!" என்று கத்தினாள். அப்புறம் அதையே ரகசியம் போல முணுமுணுத்தாள். திரையில் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்து நின்றன.

"நல்ல கூத்துடா இது. கத்தினாலும் ஒண்ணு, முனகினாலும் ஒண்ணுன்னா, எனக்குக் கோவம் வந்தா உன் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"உன் கோவத்துக்கு என் காது போதாதாக்கா? பெட்டி வேற வேணுமா?"

இடிந்த கட்டடத்துக்குள் சிக்கிக்கொண்டவர்கள் தட்டும் சத்தத்தைக் கேட்கிற பெட்டி அது. மைக்கில் விழும் சத்தத்தை எண்ணாக மாற்ற உள்ளே ஒரு சில்லு உண்டு. அதற்குப் படிக்கட்டு மாதிரி அளந்து வைத்த படிகள். உச்சிப் படிக்கு மேலே போகிற சத்தம் தலை வெட்டுப்பட்டுப் போகும். அடிப்படிக்கும் கீழே கிடக்கிற சத்தம் வெறும் பூஜ்யம். அதனால் சில்லுக்கு முன்னால் ஒரு மின்சுற்று வைத்தான். பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தானாகவே தூக்கிவிடும். அமுக்குவது கண்மூடித் திறப்பதற்குள். தூக்குவது மட்டும் ஆற அமர. சத்தம் சட்டுசட்டென்று ஏறி இறங்கினால் தலைவலிக்கிறது என்று சோதனை பார்த்தவர்கள் புலம்பியதால் அப்படி வைத்தான். கையால் கூட்டிக் குறைக்கும் குமிழையும், ஆளாளுக்குத் திருகிக் கெடுப்பார்கள் என்று பிடுங்கிப் போட்டுவிட்டான். அதற்கு ஆபீஸில் ஒரே பாராட்டு. அவனுக்குக் "காது" என்று பட்டப்பெயர் வேறு.

அக்காவின் தையல் கம்பெனிக் கட்டடம் ஒரு காலையில், அவள் உள்ளே இருக்கும்போதே, அப்படியே இடிந்து உட்கார்ந்துவிட்டது. பாவி மனுஷன் முதலாளி மேல்மாடியில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு காது ஓடினான். அவனுக்கு முன்பே மாமா, அக்காவின் கணவர், கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, உன் பெட்டி வந்துடுச்சுல்ல. இனிமே எனக்குப் பயமில்ல."

உடைந்த தொட்டியின் தண்ணீர் கீழ்த்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மீட்பு ஆட்கள் அங்கே இறங்கியிருந்ததால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை அரை நிமிஷத்துக்கு மேல் நிறுத்த முடியாது. மைக்கை ஒட்டிய தூணுக்குப் பக்கத்திலேயே மீட்பு அதிகாரி நின்றார். மோட்டார் நின்றதும் கூட்டத்தை அடக்க நீளமாக ஒரு விசில் ஊதினார். ஊரே மூச்சை அடக்கியது.

காது ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒன்றுமே இல்லை. மோட்டார் மறுபடி இரைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது விசில். ஒன்றுமில்லை. மூன்றாவது விசிலுக்கும் அதே கதைதான்.

"மூணு தடவை கேட்டாச்சு தம்பி," என்றார் அதிகாரி. "இந்தப் பக்கம் யாரும் உயிரோட இல்ல. இடிக்கிற மெஷினை உள்ளே விட்டாத்தான் அந்தப் பக்கம் இருக்கிறவங்களையாவது எடுக்கலாம்."

காது திரையையே வெறித்தான். கோடு துடைத்துவிட்ட மாதிரி படுத்துக் கிடந்தது. உண்மையான அமைதி அப்படியா இருக்கும்? ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் பெட்டியின் சொந்த இரைச்சலே புல் மாதிரி முளைத்து நிற்குமே. இங்கே மோட்டார் திரும்ப ஓடுவதற்குச் சற்று முன்னால்தான் புல்லே தலைகாட்டியிருந்தது. அதற்கு முன்னால் வானத்துக்கு எகிறிய ஒரு கோடு. விசில்!

அமைதியாக இருங்கள் என்று ஊதிய விசில்தான் பெட்டியை அடிமட்டத்துக்கு அமுக்கியிருக்கிறது. அது மெதுவாக எழுந்து வருவதற்குள் அரை நிமிஷம் முடிந்துவிடுகிறது. கேட்பதற்கென்று ஒதுக்கிய நேரமெல்லாம் பெட்டி செவிடு.

"சார், இன்னொரு தடவை! ஊதாதீங்க, உங்க கால்ல வேணா விழறேன். கையைத் தூக்கிக் காட்டுங்க, போதும்!"

அதிகாரி அவன் முகத்தைப் பார்த்தார். மோட்டார் நின்றது. கையைத் தூக்கினார். பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். இந்த முறை புல் சீக்கிரமே முளைத்து அடர்ந்தது. எறும்பு நடந்தால்கூடக் கேட்டிருக்கும்.

எறும்புகூட நடக்கவில்லை.

அவன் பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தான். முதல் அமைதியின் கடைசியில், யாரோ தட்டிய மாதிரி சரியான இடைவெளி விட்டு மூன்று முட்கள், ஒரே ஒரு படி உயரத்தில். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று. முன்பு பார்த்தபோது குப்பை என்று விட்டுவிட்டான்.

பதிவைப் பார்த்த அதிகாரி மெஷினை உள்ளே விட வேண்டாம் என்றார். கையால் தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அக்காவை வெளியே எடுத்தார்கள். உள்ளங்கையில் நூல் வெட்டும் கத்தரி. மீட்புப் படையின் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

மாமா போர்வையை இழுத்து அவள் காலை மூடினார். "இடிஞ்சப்பவே போயிருப்பா மாப்ள. அப்படித்தானே? உன் பெட்டி மூணு தடவையும் ஒண்ணும் இல்லன்னுச்சே. கஷ்டப்படாமப் போயிட்டா, அது போதும்."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாமா அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார். காதுவுக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது.

"இல்ல மாமா. விசில் கேட்டு அக்கா தட்டியிருக்கு. மூணு தடவையும் தட்டியிருக்கு. நான் செஞ்ச பெட்டிக்குத்தான் கேக்கல."

மாமா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கழுத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"போடு."

"தட்டுற இடத்தை மட்டும் போடவா மாமா?"

"முழுசாப் போடு. அவ எவ்வளவு நேரம் தட்டினா, எவ்வளவு நேரம் சும்மா இருந்தான்னு எனக்குத் தெரியணும்."

போட்டான். மாமா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இருட்டும்வரை போட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் விசில்தான் வந்தது.