ஷெல்லை மாற்றியவள்

பாஷ் என்றாலே எனக்கு ஆகாது. நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி கம்ப்யூட்டரிடம் சேர்க்கிற ஷெல்தானே, கொஞ்சம் ஒத்தாசை செய்தால் குறைந்தா போகும்? என் ஃபிஷ் ஷெல் பாதி தட்டும்போதே மீதியைக் காட்டிவிடும். கணவருக்கு அது பிடிக்காது. ஒரே கம்பெனியில் ஒரே வேலை பார்க்கிறோம். சண்டைக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

"உன் மிஷின்ல எதை வேணா வச்சுக்க. ஸ்கிரிப்ட்டும் சர்வரும் பாஷ்லயே இருக்கட்டும்" என்பார்.

அன்று எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது. முழுக்க நிரம்பினால் லேபிலிருந்து ஒரு ரிப்போர்ட்கூட டாக்டர்களுக்குப் போகாது. சுத்தம் செய்யப் போனவள் சும்மா இருந்தேனா? நாங்கள் இருவரும் பயன்படுத்துகிற கணக்கின் ஷெல்லை, அது எழுதியிருக்கிற கோப்பைத் திறந்து கையாலேயே ஃபிஷ்ஷாக மாற்றினேன். வெளியே வந்து மறுபடி நுழைந்தால், தள்ளிவிட்டது. இன்னொரு முறையும் தள்ளியது. என் மிஷினில் ஃபிஷ் இருக்கிற இடத்தை எழுதித் தொலைத்திருக்கிறேன். அந்த சர்வரில் ஃபிஷ் வேறு இடத்தில் இருந்தது. கணவருக்குப் போன் போட்டேன்.

அவர் பஸ்ஸில் இருந்தார். மடியில் லேப்டாப்போடுதான் போவார்.

"ஏங்க, ஆஸ்பத்திரி சர்வர்ல உள்ள இருக்கீங்களா?"

"காலையிலேர்ந்து இருக்கேன். ஸ்டாப் வருது, மூடி வைக்கப் போறேன்."

"ஐயோ, மூடாதீங்க! ஷெல்ல மாத்திட்டேன். புதுசா யாரும் உள்ள போக முடியல. உங்க கனெக்‌ஷன் ஒண்ணுதான் மிச்சம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இங்க சிக்னல் வந்து வந்து போகுது" என்றார். கீபோர்டு சத்தம் கேட்டது. "பழையபடி பாஷ்னு மாத்தி அடிச்சிட்டேன், என்டர் தட்டி..."

போன் அறுந்தது. தட்டினாரா, தட்டுவதற்குள் சிக்னல் போய்விட்டதா? நுழைந்து பார்த்தேன். உள்ளே விட்டது. அழுகையே வந்துவிட்டது. டிஸ்க்கில் இரண்டு சதவீத இடம்தான் பாக்கி.

போன் மறுபடி அடித்தது. "உள்ள போயிட்டியா? அப்புறம் என்ன, சர்வர் எழுதி வச்ச பழைய லாக் ஃபைலையெல்லாம் அழி."

அழிக்கும் கட்டளையைத் தட்டி வைத்தேன். தினமும் தட்டுகிற வரிதான். விரல் என்டர் பக்கம் போக மறுத்தது.

"ஒவ்வொரு எழுத்தா வாசிக்கிறேன், கேக்கறீங்களா?"

கேலி செய்வார் என்று காத்திருந்தேன்.

"என் ஸ்டாப் எப்பவோ போயிடுச்சு" என்றார். "நிதானமா வாசி."