முகாமுக்கு வந்த முதல் ஆள்

நெசவாலையின் சமூகப் பொறுப்புப் பிரிவு என்றால் மாடியில் ஓர் அறை, அதில் அவள் ஒருத்தி. இந்த வருடம் முகாம் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது கேட்கும் மிஷின் கொடுப்பதாகத் திட்டம். யோசனை அவளுடையது. மேனேஜர் வாயாரப் பாராட்டியிருந்தார்.

அந்த வாரம்தான் வீட்டில் அது தெரிந்தது. குளித்துவிட்டு அவள் வந்தபோது தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் கணவன் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

அவன் அதே ஆலையில் தறி மெக்கானிக். தறிகள் ஓடும் ஷெட்டின் இரைச்சலில் யாரும் காதை நம்புவதில்லை. உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் பேச்செல்லாம். இவளைக் காதலித்ததுகூட அப்படித்தான், ஒரு வார்த்தை செலவில்லாமல். அதனால் அங்கே கேட்கிறவனும் கேட்காதவனும் ஒன்று. வீட்டில்தான் மாட்டிக்கொண்டான்.

தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினான். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், முகாமை முதலில் ஷெட்டிலேயே வைக்கலாமே என்றாள். அவர் கெட்டவரல்ல. ஷெட்டுக்குச் செய்வது சட்டக் கடமை, ஊருக்குச் செய்வது நல்ல மனசு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்றார்.

"நம்ம தறிச் சத்தத்தால வந்த காயத்தை விட்டுட்டு அடுத்த தெருவுக்கு மருந்து குடுத்தா, அது நல்ல மனசா சார்?"

"காயம்னு யாரும்மா சொன்னா? ஒருத்தர் வந்து சொல்லட்டும், நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் சாப்பிடும்போது அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். அவள் உதட்டைப் பார்த்தபடியே அவன் சோற்றை அளைந்தான்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட தலையாட்டிட்டேனே."

"பாப்பா முதல்ல அப்பான்னு சொன்னா எனக்குத் தெரியாமலே போயிடும்" என்றான். "நீ அம்மான்னுதான் சொன்னான்னு சாதிச்சிடுவே."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைக்க முந்தானை போதவில்லை.

காலையில் கிரீஸ் படிந்த கையோடு அவனே மாடி ஏறி வந்து, மேனேஜர் முன்னால் நின்றான்.

"எனக்குக் காது கேக்கல சார். ஷெட்டுல இன்னும் பல பேருக்கு இப்படித்தான்."

அவர் குனிந்தபடி ஏதோ கேட்டார். அவன் பேசாமல் நின்றான். நிமிர்ந்து பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவன் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"உங்க வேலை எங்கேயும் போகாது. உக்காருங்க தம்பி."