மஞ்சள் மருந்து வரும்வரை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. குளிருகிறவர்கள் அடுப்புப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு தாயும் மகளும் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். அழுகை வந்தால் அழுதுகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவள் பாக்கியலெட்சுமி. புருசன் அழகையாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் சிவசக்தி பல்கலைக்கழகம் வரை படித்து, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்திருந்தாள்.

பாக்கியலெட்சுமிக்கு மார்பில் கட்டி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொல்லி மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. ஆனாலும் கட்டி சுருங்குகிறது, தேதி தவறாமல் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தைப்பொங்கலுக்கு மகள் வந்தாள். நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று தாய் கேட்டாள். புற்றுநோய்க்கு மஞ்சளில் இருந்து மருந்து செய்து பார்க்கிறோம் என்றாள் மகள். மஞ்சளின் சத்து தண்ணீரில் கரையாது, சும்மா தின்றால் இரத்தத்தில் சேர்வதற்குள் உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். அதனால் நானோ துகள் என்று கண்ணுக்கே தெரியாத ஒரு கூட்டுக்குள் அடைத்து, கட்டி இருக்கிற இடத்துக்கே அனுப்பப் பார்க்கிறார்களாம்.

"கொழுந்த வழியில சிந்தாம லொறியில ஏத்தி அனுப்புறாப்புலயா?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"அதேதாம்மா."

"அப்ப நம்ம லொறி எப்ப வரும்?"

மகள் சிரித்துக்கொண்டே, "வரும்மா, கொஞ்சம் பொறு" என்றாள். நோயாளிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன சொல். தாய் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா. மஞ்சள் துண்டு முடிந்த நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டவர்கள், அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையான பாலத்தைத் தாண்டுவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பாக்கியலெட்சுமியும் கட்டிக்கொண்டாள். மகளின் மருந்தும் மஞ்சள், கையில் இருப்பதும் மஞ்சள். அம்மனே வழிகாட்டுகிறாள் என்று நினைத்தாள். திருவிழா முடிந்து எல்லோரும் காப்பு அவிழ்த்தபோது இவள் மட்டும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மகள் மருந்தைக் கொண்டுவந்து கையில் தருகிற அன்றுதான் அவிழ்ப்பேன் என்று வேண்டுதல்.

எல்லை தாண்டாதவள் பதுளைக்கு எப்படிப் போவாள்? ஆஸ்பத்திரித் தேதிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மகள் தொலைபேசியில் கேட்டால், போய் வந்தேன், ஏற்றிவிட்டார்கள் என்பாள். அழகையா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அவருக்கு நோயும் பயம், அம்மன் கோபமும் பயம்.

ஆடியில் பாக்கியலெட்சுமியால் முதுகு வலியில் தண்ணீர்க்குடத்தைத் தூக்க முடியவில்லை. அழகையா தொழிற்சாலைக்குப் பின்னால் போய் நின்று மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். மறுநாளே மகள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா போகல?"

"காப்புக் கட்டிக்கிட்டு பாலத்தத் தாண்டலாமா? நீதானே பொறுன்னு சொன்ன. பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மருந்து கொண்டாந்தியா?"

இன்னும் எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறோம் என்று மகள் தடுமாறினாள்.

"எலிக்கெல்லாம் குடுக்குறீங்க. பெத்தவளுக்கு ஒரு சொட்டு இல்லையாக்கும்" என்றாள் பாக்கியலெட்சுமி. வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிவசக்தி சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மரியகொரட்டி அவளைத் தனியே அழைத்துப் போனாள். ஒரு போத்தலில் மஞ்சள் தண்ணீரைக் கலக்கி, இதுதான் மருந்து என்று கொடுத்துவிடச் சொன்னாள். "காப்ப அவுத்துருவா. அந்தப் பொய்ய சேசு மன்னிப்பாரு பாப்பா."

சிவசக்தி போத்தலைக் கழுவிக்கூட வைத்துவிட்டாள். பிறகுதான் யோசித்தாள். காப்பை அவிழ்ப்பாள், சரி. மகள் மருந்தே வந்துவிட்டது, அந்த ஊசி எதற்கு என்பாளே. அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்ப மாட்டாள்.

உள்ளே போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த மருந்து ஒனக்கு வராது."

பாக்கியலெட்சுமி காப்பைத் தடவினாள்.

"மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கவே இன்னும் வருசக்கணக்காகும். கடைசியில வேலை செய்யாமயும் போகலாம். பொறுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. பதுளைக்குப் போவம்மா."

தாய் மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப யாருக்குத்தான் வரும்?"

"தெரியல. வேற யாரோட அம்மாவுக்காச்சும்."

"நான் இல்லாட்டியும் விடாம செய்வியா?"

"செய்வேன்."

"அப்ப பூசாரியக் கூப்புடு."

பூசாரி வந்து கற்பூரம் காட்டி நூலை அவிழ்த்தார். அவள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு அழுதாள். மறுநாள் காலை முச்சக்கர வண்டியில் பாலத்தைத் தாண்டினார்கள். பதுளை டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சிவசக்தி பின்னால் சொன்னாள். நோய் எலும்புக்குப் போயிருந்தது. மறுபடி ஏற்றிய மருந்து உடம்பில் பிடிக்கவில்லை. ஐப்பசி மழைக்குள் பாக்கியலெட்சுமி போய்ச் சேர்ந்தாள்.

கருமாதி முடிந்து மகள் கொழும்புக்குக் கிளம்பும்போது, அந்த லயத்துத் துஷாந்தினி, கொழுந்து பறிக்கிற இளவயதுக்காரி, தயங்கித் தயங்கி வந்தாள். தன் மார்பிலும் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறது, உன் மருந்து எப்போது வரும் அக்கா என்று கேட்டாள். சிவசக்தி பயணத்தை நிறுத்திவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பதுளை பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, "முடியெல்லாம் கொட்டிருமாக்கா?" என்றாள் துஷாந்தினி.

"நோய்தான்னா, கொட்டும்."

"திரும்ப மொளைக்குமா?"

"மொளைக்கும். எங்கம்மாவுக்கு மொளைச்சிருந்துச்சு" என்றாள் சிவசக்தி. வேண்டுதலில் இருந்த மாதங்களில் வளர்ந்த முடி அது. துஷாந்தினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாரும் வலியை மறைத்து வைக்காதிருக்கட்டும். வருகிற மருந்து வேளையோடு உங்கள் வாசலுக்கு வரட்டும். உங்கள் அம்மாமார் ஆக்கிப்போட்டு, ஏசித் தீர்த்து, நெடுநாள் உங்களோடேயே இருக்கட்டும்.