ஜெயந்த் கேட்ட சமாதான்

என் மகளின் ஞானஸ்நானத்தன்று காலையில் எனக்குக் கால் தரையில் படவில்லை. டெல்லி துவாரகாவில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டே வெள்ளை வெளேரென்று கிடந்தது. வெள்ளை கவுன், வெள்ளைத் தொப்பி, வெள்ளை சாக்ஸ். அதில் ஒரு சாக்ஸை அவள் வாயில் வைத்துச் சப்பி ஊற வைத்திருந்தாள். கையில் எது அகப்பட்டாலும் நேரே வாய்க்குத்தான் போகும். நான் அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். என் கணவர் ஜெயந்த் குளியலறைக்குள்ளிருந்து "ஏக் மினிட்" என்றார்.

இந்த ஏக் மினிட்டைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரை ஏறும். டெல்லியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது நிமிஷக் கணக்கே இல்லை. அரை மணி நேரமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம்.

"நீங்க ஒண்ணும் தூக்க வேண்டாம், கிளம்பி வந்தாப் போதும்" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறும் பிள்ளையைத் தகப்பன்தான் தூக்கிக்கொண்டு முன்னால் போகவேண்டும். ஜெயந்தோ தன் மகளை அதுவரை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

பாசமில்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பால் பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுப்பார். நாப்பி மாற்றுவார், தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். கைகளில் அள்ளி எடுக்க மட்டும் மாட்டார். அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் வைக்குமுன்பே, ஜெயந்தின் கைகளில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். யார் மேலும் தப்பில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்றார் டாக்டர். ஜெயந்த் விமானங்களைப் பழுது பார்க்கிற எஞ்சினியர். காரணம் தெரியாமல் எந்த விமானத்தையும் பறக்க விடமாட்டார். காரணமில்லாமல் போன பிள்ளைக்குத் தன் கைகளையே காரணமாக்கிக்கொண்டார். மனநல மருத்துவரிடம் போனோம். தூக்கம் திரும்பி வந்தது. கைகள் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் என்னோடு தமிழ் ஆராதனைக்கு வர ஆரம்பித்தார். அவர் வீட்டில் எல்லாரும் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போகிறவர்கள். நான் பாளையங்கோட்டைக்காரி, எனக்கு இங்கிலீஷில் அழ வராது. தமிழ் ஆராதனையில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன், உமக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். பக்கத்தில் ஜெயந்த், என்னோடு பேசிப் பழகிய தமிழை வைத்துக்கொண்டு பாதி புரிந்தும் பாதி புரியாமலும், ஒரு வாரம்கூடத் தவறாமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்சியில் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சாக்ஸுக்குக் காவல் காத்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆட்டோ நின்றது. அதன் முதுகில் யாரோ ஒரு பாபாவின் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஹிந்தி வாசகம்: எல்லாப் பிரச்சினைகளுக்கும் சமாதான், இருபத்துநாலே மணி நேரத்தில்.

ஜெயந்த் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலா, இவனாவது டைம் சொல்றான். நம்ம சர்ச்ல எவ்ளோ நாளா வாரா வாரம் என் கையப் புடிச்சு சமாதானம், சமாதானம்னு சொல்றாங்க. எனக்கு இன்னும் வரலியே."

"என்ன வரல?"

"சமாதான். சொல்யூஷன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். வாரா வாரம் யாராவது தன் கையைப் பிடித்துத் தனக்குத் தீர்வு கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துவதாகவே இந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தமிழ், அவருக்கு ஹிந்தி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொன்றைக் கேட்டிருக்கிறோம்.

அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் நிஜமாகவே காத்திருந்திருக்கிறார்.

"அது தீர்வு இல்லைங்க. உங்க இங்கிலீஷ் சர்ச்சுல பீஸ்னு சொல்வாங்கள்லா, அதுதான் சமாதானம்."

"பீஸா?" முன்னால் நின்ற ஆட்டோவை மறுபடி பார்த்தார். "அப்போ ப்ராப்ளம்?"

"அது பாட்டுக்கு இருக்கும். ஆண்டவர் நம்ம கூட இருக்காருன்னு உள்ள ஒரு தெம்பு வரும்லா, அதைத்தான் சொல்லுதாங்க. எல்லாம் தீர்ந்தவனுக்கு அது எதுக்கு? தீராதவனுக்குத்தான வேணும்."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அழுது அழுது எப்போதோ எனக்குள் வந்து சேர்ந்துவிட்டிருந்த ஒன்று, கேட்க ஆள் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது.

"அச்சா" என்றார் ஜெயந்த். அவர் பல விதமாக அச்சா சொல்வார். இது நான் அதுவரை கேட்காத அச்சா.

கோல் மார்க்கெட் பக்கத்து ஆலயத்துக்குள் நாங்கள் ஓட்டமும் நடையுமாக நுழைந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. அங்கே எல்லாமே அவசரம்தான். தமிழ் ஆராதனை முடிந்ததும் அதே இடத்தில் ஹிந்தி ஆராதனை. அவர்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் போதகர் பிரசங்கத்தைச் சுருட்டிவிடுவார். முன் பெஞ்சில் சுவரோரம் சுஜாதா அக்கா எங்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அவர்தான் பிள்ளைக்கு ஞானத்தாய். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மடியில் இருத்திக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஜெயந்த், அடுத்து நான். "தகப்பனால் முடியாது ஐயா, நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்" என்று போதகரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் அவர்தான் தூக்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. போதகர் முதல் ஆளின் கையைத் தம் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் சொல்வார். அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று பெஞ்சு பெஞ்சாகப் போகும். ஜெயந்த் எப்போதும் பின்னால் சுவரை ஒட்டி உட்காருகிறவர். அவரோடு அந்த வரிசை முடிந்துவிடும். வாங்குவாரே தவிர, கொடுக்க ஆள் இருக்காது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துச் சமாதானம் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுஜாதா அக்கா பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

அக்காவின் கைகள் இரண்டிலும் பிள்ளை. அவர் ஒரு கையை விடுவிக்கப் பார்ப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள். நீட்டிய கையில் ஒரு விரலைப் பிடித்து நேரே வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஜெயந்த் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையைக் கொண்டுவந்து அவள் முஷ்டியை மூடினார்.

"சமாதானம்" என்றார் அவளிடம். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

போதகர் ஞானஸ்நானத் தொட்டியருகே போய் நின்று எங்களைக் கூப்பிட்டார். வாசலில் ஹிந்திக்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் எழுந்து பிள்ளைக்காகக் கை நீட்டினேன்.

"இரு, மாலா." அவர் விரல் இன்னும் அவள் வாயில்தான் இருந்தது. "என் கை நடுங்குது."

"நடுங்கட்டும்."

"நடுங்கிட்டே தூக்கலாமா?"

"தூக்குங்க. அவர் கூட இருக்காரு."

தூக்கினார். என் ஆண்டவரே, தூக்கிவிட்டார். கண்ணாடிப் பாத்திரத்தை எடுப்பவர்போலத்தான் முதலில் தூக்கினார். அவள் கால்களை உதைத்து அவர் நெஞ்சோடு ஏறிக்கொண்டதும் இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டார். எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. சுஜாதா அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"பிள்ளையின் பெயர் என்ன?" என்றார் போதகர்.

"ஸ்நேஹா." கடைசிப் பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னார். பெயர் வைக்க முடியாமல் போனவனுக்கும் சேர்த்துச் சொன்னதுபோல இருந்தது எனக்கு.

போதகர் பிள்ளையை வாங்கக் கைகளை நீட்டினார். ஜெயந்த் கொடுக்கவில்லை. போதகர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜெயந்தைப் பார்த்தார். எங்கள் கதை அவருக்குத் தெரியும். நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு, தகப்பன் கையிலேயே வைத்துப் பிள்ளையின் தலையில் மூன்று முறை தண்ணீர் வார்த்தார். டெல்லிப் பிப்ரவரியின் குளிர்ந்த தண்ணீர். ஆலயமே அதிரும்படி ஸ்நேஹா வீறிட்டாள். மூச்சு வருகிறதா, மூச்சு வருகிறதா என்று மாதக்கணக்கில் காது கொடுத்துக் கிடந்த மனிதர், அந்த அலறலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மகன் ஏன் போனான் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வெயிலில் வந்து நின்றபோதும் ஜெயந்தின் கைகளில் நடுக்கம் இருந்தது. ஸ்நேஹா பசியில் மறுபடி சிணுங்க ஆரம்பித்தாள்.

"தாங்க, பால் குடுக்கணும்" என்று கை நீட்டினேன்.

அவர் அவளை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏக் மினிட்" என்றார்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும் என்று நின்றேன்.