பானட்டைத் திறக்காத வரை

ஊர்வலத்தில் காரை முன்னால் விடுவதா, பிணத்தை முன்னால் விடுவதா என்பதில் சங்கத் தலைவர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கார் ஷெட்டின் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று யோசித்துக்கொண்டிருந்தார். பழங்கார் பாதுகாப்புச் சங்கத்தின் உறுப்பினர்கள் மூன்று பேர் மெல்லிய துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் செத்தவரைக் குளிப்பாட்டியபோது இவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கார்ச் சாவியைக் கொடுக்க வந்த, செத்தவருடைய மனைவி அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"மேடம், வண்டி முன்னால போறதுதான் மரியாதை" என்றார் தலைவர்.

"யாருக்கு?"

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படி ஏதாவது கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அறுபத்து மூன்றாம் வருடத்து வண்டி. பாலாடை நிறம். சங்கத்தில் அதற்குச் 'சீமாட்டி' என்று பெயர். வீட்டிலும் அவள் கணவர் அதை அப்படித்தான் அழைத்தார். மனைவியைக் கூப்பிட மட்டும் 'இந்தா' போதுமானதாக இருந்தது.

நேற்று மதியம் அவர் சீமாட்டிக்குள்ளேயே இறந்தார். ஷெட்டின் கதவைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, புதிதாகப் போட்ட ஏசி கம்ப்ரெஸரின் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பது கொஞ்ச நாளாக அவருடைய வாடிக்கை. அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. "சாப்பாடு ஆறுது" என்று கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் கோபமாகத் தட்டினாள். பிறகுதான் கதவைத் திறந்தாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். "குளுகுளுன்னு போயிட்டார், யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்தக் குளிர் யாருக்காகப் போடப்பட்டது? அது நேற்று முளைத்த கேள்வி அல்ல. புதுக் கம்ப்ரெஸர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தொண்டையில் நிற்கிறது.

வண்டியில் ஏசி என்று ஒன்று முன்பும் இருக்கத்தான் செய்தது. வண்டியோடு வந்த கம்ப்ரெஸர், வார்ப்பிரும்பு. போட்டால் பானட்டுக்கு அடியில் மாவு மில் ஓடுவது போலச் சத்தம் வரும். காற்று மட்டும், சூடான காப்பியை யாரோ ஊதுவது போல வரும். மேடு ஏறினால் இன்ஜின் திணறும் என்று அவர் அதையும் அணைத்துவிடுவார். அவள் சங்கத்தின் ஆண்டு மலரால் விசிறிக்கொண்டே வருவாள். விசிறுவதற்கு அது நல்ல கனமான மலர். பக்கத்துக்குப் பக்கம் தலைவரின் படம்.

"இப்பல்லாம் சின்னதா நல்ல கம்ப்ரெஸர் வந்திருக்காமே, மாத்திடலாமே" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரிஜினல்" என்பார். கல்யாணப் பேச்சின்போதுகூட அவர் வாயிலிருந்து இவ்வளவு உறுதியாக ஒரு சொல் வந்ததில்லை. ஒரு கோடையில் கேட்டாள், அடுத்த கோடையில் கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன் தங்கை வந்து தங்கினாள். கடைத்தெருவுக்கு ஒரே ஒரு தடவை அந்த வண்டியில் போனாள், அதுவும் முன் சீட்டில். "அத்தான், உள்ள வேகுதே. நான் என்ன உருளைக்கிழங்கா?" என்றாள். அத்தான் சிரித்தார். அக்காவும் பின் சீட்டில் வெந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்கு உருளைக்கிழங்கு தோன்றவில்லை. அடுத்த மாதமே வார்ப்பிரும்பு வெளியே போனது. அதில் கால்வாசி அளவில் பளபளவென்று புதியது ஒன்று, அதற்கென்று அடித்த பிராக்கெட், பெல்ட், குழாய்கள், கேஸ் என்று சகல சீர்வரிசையோடும் உள்ளே வந்தது.

"யாருக்காக இதெல்லாம்?" என்று அவள் கேட்டாள்.

"தேவைப்பட்டுச்சு" என்றார் அவர். அதற்கு மேல் பேச்சு இல்லை.

இப்போது ஷெட்டில் ஒரு அலறல் கேட்டது. தலைவர் பானட்டைத் திறந்திருந்தார்.

"என்ன இது?"

"புதுக் கம்ப்ரெஸர் சார். நான்தான் போட்டேன்" என்றான் மெக்கானிக், பாராட்டை எதிர்பார்த்து. துக்க வீட்டுக்கும் அவன் விசிட்டிங் கார்டோடுதான் வந்திருந்தான். வாசலில் நாலு பேருக்குக் கொடுத்தும் இருந்தான்.

தலைவரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக உண்மையான துக்கம் தெரிந்தது. "சங்கத்துக் கொடியை ஒரிஜினல் வண்டிக்குத்தான் போர்த்தலாம். விதி இருக்கு. பழசு எங்கே?"

பழசு அலமாரியில் இருந்தது, அவருடைய நல்ல துண்டு ஒன்றில் பொதிந்து.

"அதைத் திருப்பி மாட்டு."

"மாட்டலாம் சார். பைப்பெல்லாம் கழட்டணும். நாளைக்குக் காலைல ஆயிடும்." மெக்கானிக் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "பாடி தாங்குமா?"

உறுப்பினர்கள் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். கடைசியில் தலைவர் திரும்பி வந்து, பானட்டைத் திறக்காத வரை வண்டி ஒரிஜினல்தான் என்று சங்கம் ஒருமனதாகக் கருதுகிறது என அறிவித்தார். பானட்டைத் தன் கையாலேயே மூடினார். அதற்கு முன் கண்ணை மூடியிருக்கலாம். அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

ஹாலில் தங்கை, வந்தவர்களிடம் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரே வார்த்தைதாங்க சொன்னேன். உள்ள வேகுதுன்னு. பொக்கிஷம் மாதிரி வச்சிருந்த வண்டியையே எனக்காகப் பிரிச்சு மாத்தினார். யாரு செய்வா?" அழுகையில் அக்காவைவிட ஒரு சுருதி மேலே இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் தவறுதலாக அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாடகைக் குளிர்பெட்டியில் அவர் படுத்திருந்தார். அதன் காலடியில் மெக்கானிக் வந்து குந்தி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதுல இருக்கிற கம்ப்ரெஸர் ரொம்பப் பழசும்மா. ரெண்டு மாசம் ஓடினா பெரிசு."

"அவருக்கு இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் ஓடினாப் போதும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்லுங்க. வண்டிக்கு அந்த ஏசியை யாருக்காகப் போட்டார்?"

"யாருக்காகன்னா?"

"யாராவது கேட்டாங்களா?"

"ஆளுக்காகவா? சேச்சே." மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "டேஷ்போர்டு மரம்மா. போன கோடைல சூட்டுல ஒரு கீறல் விட்டுச்சு. முடி மாதிரிதான் இருக்கும். சாருக்குத் தூக்கமே போயிடுச்சு. உள்ள குளுமையா வச்சாத்தான் மரம் நிக்கும்னு அப்பவே கம்ப்ரெஸருக்குச் சொல்லிட்டார். கப்பல்ல வர்றதுக்கு இவ்வளவு நாள் ஆயிடுச்சு."

"போன கோடையிலேயா? என் தங்கச்சி வர்றதுக்கு முன்னாடியே?"

"உங்க தங்கச்சி யாரும்மா?"

அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. கணவனின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை, வந்துவிட்டது. ஹாலின் மறுகோடியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு எந்த வேலையும் செய்யவில்லை. அது காற்றோடு போன பேச்சு.

அந்தச் சந்தோஷம் குளிர்பெட்டியின் தலைமாட்டுக்கு நடந்து வரும் வரை நீடித்தது. கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் அமைதியாக இருந்தது. தங்கை தோற்றதனால் தான் ஜெயித்ததாக ஆகாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கையாக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம், பத்து வருஷம் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு பலகையிடம் போய் என்ன கேட்பது?

கடைசியில் பிண வண்டிதான் முன்னால் போனது. அதன் டிரைவர் யாரையும் கேட்காமல் கிளம்பிவிட்டான். மகன் அப்பாவோடு அதில் ஏறிக்கொண்டான். சீமாட்டியை யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்ததும் தலைவர் தோள் வலியைப் பற்றிச் சொன்னார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரை அவருக்குப் போடத் தெரியாது என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் ஓட்டினான். தலைவர் பின்னால் வேறொரு காரில் வந்தார்.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்று யாரோ முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் அக்கா காருக்கு வந்தாள். அதற்குள் தங்கை ஏறுவதற்காக முன் கதவைத் திறந்திருந்தாள். "எனக்குப் பின்னாடி உட்கார்ந்தா தலை சுத்தும்க்கா."

"சுத்தட்டும்" என்று சொல்லி அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள்.

வெளியே தார் உருகும் வெயில். பிண வண்டி ஊர்ந்தது; சீமாட்டியும் ஊர்ந்தாள். "பாருங்க, இந்த வேகத்துலயும் எப்படிக் குளிருது. பழசா இருந்தா இந்நேரம் ஆவி பறக்கும்" என்றான் மெக்கானிக். உண்மைதான். காற்று நேராக முகத்தில் அடித்தது. அவள் கைகள் சிலிர்த்துக்கொண்டன.

பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. "எனக்காகச் செஞ்சார். உட்கார்ந்து போறதுக்கு மனசு வரலைக்கா. ஒரு வார்த்தை சொன்னதுக்கு..."

"உனக்காக இல்லடி" என்றாள் அக்கா, திரும்பாமல். "எனக்காக."

விசும்பல் நின்றது. "உன்கிட்ட சொன்னாரா?"

"இவர்கிட்ட சொல்லியிருக்கார்."

மெக்கானிக்கின் கை ஸ்டியரிங்கில் ஒரு இஞ்ச் நகர்ந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியாங்க?" என்றாள் தங்கை.

மெக்கானிக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்தான். கியரை மாற்றினான்.

"ஆமாங்க. அம்மாவுக்காகத்தான்னு சார் சொன்னார்."

தங்கை தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினாள். அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கம் இல்லாதவன். "எத்தனை கோடையா அவ வேர்த்துக்கிட்டே வர்றா, நான் ஒரு மடையன், ஒரிஜினல் ஒரிஜினல்னு இருந்துட்டேன்னார். அன்னிக்கு டீகூடக் குடிக்கலை."

அவர் டீ குடிப்பதில்லை. பிழைகளை ஒத்துக்கொள்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. அவள் மடியிலிருந்த கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"வேற என்ன சொன்னார்?"

மெக்கானிக் ஒரு கணம் திகைத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

மயானத்து வாசல் வந்துவிட்டது. முன் வண்டியிலிருந்து மகன் இறங்கினான். தலைவர் கொடியோடு வேகமாக நடந்து வந்து, தலையைத் தாழ்த்தி, அவள் பக்கத்துக் கதவை விரியத் திறந்து பிடித்தார். அனல் உள்ளே பாய்ந்தது.

"இறங்குங்க மேடம். எல்லாரும் காத்திருக்காங்க."

"கதவைச் சாத்துங்க" என்றாள் அவள். "குளிர் போயிடும்."

தலைவர் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவள் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள்.

"ம். சொல்லுங்க."